வருமுன் காத்தலும் வந்தபின் காத்தலும்

(நமது அறநிறுவனத்தின் ஆண்டு நன்கொடையாளர் கூட்டத்தில் ஆலய நிர்வாகக் குழு உறுப்பினர் ஆற்றிய உரை)



எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் இவ்வாண்டும் நாம் ஒன்றுகூடியிருக்கிறோம். இப்படிக் கூடுவதே அரிதாகிப் போன காலம் ஒன்று இருந்தது. 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, நாடெங்கும் ஆலயக் கதவுகள் பக்தர்களுக்கு அடைக்கப்பட்டன. 2021 ஜனவரி 28-இல் வந்த தைப்பூசத்தன்று பத்துமலைப் படிகள் பக்தர் கூட்டமின்றி வெறிச்சோடிக் கிடந்தன. அந்த நாட்களைப் பலரும் இன்று மறந்துவிட்டோம். மறதியும் ஒரு வகையில் இறைவன் கொடுத்த வரந்தான்.

ஆனால் ஒரு கேள்வியை மட்டும் நம் மக்கள் மறக்கவில்லை. திதி கொடுக்க வரும் குடும்பத்தார் கேட்கிறார்கள். மோட்ச தீபம் ஏற்ற வருவோர் கேட்கிறார்கள். அன்னதானக் கூடத்தில் இலை போடும்போதும் அந்தப் பேச்சு எழுகிறது. "இரண்டு ஊசியும் போட்டாரே, ஐயா! பிறகும் ஏன் ஐ.சி.யூ.வில் போய்ச் சேர்ந்தார்?" என்பதே அந்தக் கேள்வி.

நம் நலநிதியிலிருந்து வசதி குறைந்த முதியவர்களைத் தடுப்பூசிக்கு அழைத்துச் சென்று வரும் செலவை ஏற்கலாமா என்ற பேச்சு நிர்வாகக் குழுவில் எழுந்தபோது, நன்கொடையாளர் சிலரும் இதையே வேறு விதமாகக் கேட்டார்கள். "ஊசி போட்டவர்களும் இறந்தார்களே, அந்த ஊசிக்கு ஏன் ஆலயப் பணம்?" என்றார்கள். அப்படிக் கேட்டது தவறல்ல. கொடுத்த பணம் எங்கே போகிறது என்று கேட்பது கொடுத்தவர் உரிமை. விளக்கம் சொல்வது எங்கள் கடமை. அந்தக் கடமையை நிறைவேற்றவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

நான் மருத்துவன் அல்லன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். ஆகவே மருத்துவ ஆலோசனை எதுவும் இங்கே சொல்லப் போவதில்லை. உலகறிய வெளியான கணக்குகளை, ஓர் ஆசிரியர் பாடம் சொல்வது போல, வரிசையாக எடுத்து வைக்கிறேன். முடிவை நீங்களே சொல்லுங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நடப்பது என்ன?

நம் நாட்டுச் சுகாதார அமைச்சு கோவிட் நோயாளிகளை ஐந்து நிலைகளாகப் பிரித்தது உங்களுக்கு நினைவிருக்கும். முதல் நிலையில் அறிகுறி எதுவும் இல்லை. இரண்டாம் நிலையில் காய்ச்சல், இருமல் உண்டு. மூன்றாம் நிலையில் நுரையீரல் அழற்சி தொடங்குகிறது. நான்காம் நிலையில் பிராணவாயு தேவைப்படுகிறது. ஐந்தாம் நிலையில் நோயாளி அபாய கட்டத்தை அடைந்து, சுவாசக் கருவியின் துணையோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கிறார்.

முதல் நிலைக்கும் ஐந்தாம் நிலைக்கும் இடையே பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள் இடைவெளி இருந்தது. முதல் வாரத்தில் கிருமி உடலில் பெருகுகிறது. உடல் அதை அப்போதே அடக்கிவிட்டால் ஆபத்து நீங்கிவிடும். அடக்க முடியாமல் போனால், இரண்டாம் வாரத்தில் உடலின் சொந்தப் படையே நிலைதடுமாறி, பகைவனையும் நம்மவரையும் பிரித்தறியாமல் தாக்கத் தொடங்குகிறது. நுரையீரலின் சிறு சிறு காற்றறைகளில் நீர் கட்டுகிறது. இரத்தக் குழாய்களில் உறைகட்டிகள் தோன்றுகின்றன. சிறுநீரகம், இருதயம் என்று ஒவ்வோர் உறுப்பும் தளர்கிறது.

சுவாசக் கருவி இந்த நோயைக் குணப்படுத்தும் கருவி என்று பலர் எண்ணுகிறார்கள். அது நோயைக் குணப்படுத்துவதில்லை. நுரையீரல் தானாக ஆறும் வரை நோயாளிக்குக் கால அவகாசம் வாங்கிக் கொடுக்கிறது. அவ்வளவே. 2020 ஜூன் மாதம் பிரிட்டனில் நடந்த 'ரிகவரி' என்னும் பெரிய ஆய்வில், டெக்சாமெத்தசோன் என்ற விலை மலிவான பழைய மருந்து, சுவாசக் கருவியில் இருந்தவர்களின் மரணத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது தெரியவந்தது. அது பெரிய செய்திதான். என்றாலும் அந்த மருந்து கொடுத்தும் சுவாசக் கருவியில் இருந்த 100 பேரில் 29 பேர் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். அந்த வாசலுக்குள் போனவரைத் திருப்பிக் கொண்டுவருவது எத்தனை கடினம் என்பதை இது காட்டுகிறது.

திருவள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்தில் மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பார்த்துக் கொள்பவர் ஆகிய நால்வகை அது. கோவிட் காலத்தில் இந்த நான்காவது கூறில் குடும்பத்துக்கு இருந்த இடம் பறிபோயிற்று. தாதியர் கண் துஞ்சாமல் பார்த்தார்கள். அவர்களை நாம் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் மனைவியும் மக்களும் கைப்பேசித் திரையில் முகம் பார்க்கத்தான் முடிந்தது. பலருக்கு அதுவும் கிட்டவில்லை. வாய்க்கரிசி போட முடியாமல், முகம் பார்க்காமல் வழியனுப்பிய குடும்பங்கள் இந்த மண்டபத்திலும் இருக்கின்றன. அவர்கள் மனத்தில் கொண்டுதான் நான் பேசுகிறேன்.

ஊசி எங்கே வேலை செய்கிறது?

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள் நம் பெரியோர். தடுப்பூசி அத்தகைய அணை. வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகு அதைக் கட்ட முடியாது. ஊசி போட்ட உடனே பலன் வந்துவிடுவதில்லை. உடல் பாடம் கற்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகிறது. ஆகவே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த பிறகு, "இப்போதாவது ஊசி போடுங்கள்" என்று மருத்துவரைக் கேட்டுப் பயனில்லை.

ஊசி உடலுக்கு இரண்டு வகைப் பாதுகாப்பைத் தருகிறது. முதல் வகை எதிர்ப்புப் பொருள்கள். கிருமி நுழையும்போதே மறிப்பவை இவை. வாயிற்காவலர் என்று வைத்துக் கொள்ளுங்கள். சில மாதங்களில் இவற்றின் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது. கிருமியும் டெல்டா, ஓமிக்ரோன் என்று வேடம் மாற்றிக்கொண்டு வந்தது. அதனால்தான் ஊசி போட்டவர்களுக்கும் நோய் தொற்றியது.

இரண்டாம் வகை, நினைவாற்றல் கொண்ட அணுக்கள். இவை உடலுக்குள்ளேயே தங்கி, பழைய பகைவனை நினைவில் வைத்திருக்கின்றன. கிருமி உள்ளே வந்துவிட்டால் விரைந்து திரண்டு, அது நுரையீரலைப் பாழாக்குமுன் அடக்கப் பார்க்கின்றன. வாயிற்காவலர் அயர்ந்த பிறகும் இந்தப் படை நெடுநாள் நிற்கிறது. அதனால் தொற்றைத் தடுப்பதில் ஊசியின் வலிமை விரைவில் குறைந்தாலும், அபாய கட்டத்தைத் தடுப்பதில் அதன் வலிமை அவ்வளவு விரைவாகக் குறைவதில்லை.

இந்த வேறுபாட்டை அந்நாளில் நமக்கு யாரும் போதிய அளவு விளக்கவில்லை. "ஊசி போட்டால் கோவிட் வராது" என்றே பலரும் புரிந்துகொண்டோம். வந்தபோது நம்பிக்கை இழந்தோம்.

கரும்பலகைக் கணக்கு

இப்போது "ஐ.சி.யூ.வில் பாதிப் பேர் ஊசி போட்டவர்கள்" என்று அக்காலத்தில் பரவிய செய்திக்கு வருவோம். இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது கற்பனைக் கணக்கு. விளங்கிக் கொள்வதற்காகச் சொல்கிறேன்.

ஓர் ஊரில் 1,000 முதியவர்கள். 900 பேர் ஊசி போட்டவர்கள். 100 பேர் போடாதவர்கள். நோய் பரவுகிறது. போடாதவர்களில் 100-க்கு 10 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறார்கள். போட்டவர்களில் 100-க்கு ஒருவர் மட்டுமே போகிறார். அப்படியானால் போடாதவர் 10 பேர். போட்டவர் 9 பேர். மொத்தம் 19 பேர். கட்டில்களை மட்டும் எண்ணுகிறவர், "பார்த்தீர்களா, ஏறக்குறைய பாதிப் பேர் ஊசி போட்டவர்கள், ஊசியால் பயனில்லை" என்பார். ஆனால் அந்த 9 பேர் 900 பேரிலிருந்து வந்தவர்கள். அந்த 10 பேர் வெறும் 100 பேரிலிருந்து வந்தவர்கள்.

இன்னும் ஒரு படி மேலே போவோம். அந்த ஊரில் 1,000 பேரும் ஊசி போட்டுவிட்டார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் 10 பேர் இருப்பார்கள். அந்தப் பத்துப் பேரும் ஊசி போட்டவர்களாகத்தான் இருப்பார்கள்! ஒருவருமே போடாதிருந்தால் அங்கே 100 பேர் கிடந்திருப்பார்கள். வராமல் தப்பிய 90 பேரை யாரும் எண்ணுவதில்லை. அவர்கள் தாம் தப்பியது தெரியாமலே வீட்டில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளோடு பேசிக் கொண்டிருப்பார்கள்.

நாடுகள் தந்த கணக்கு

கற்பனையை விட்டு உண்மைக்கு வருவோம். நம் அண்டை நாடான சிங்கப்பூர் கணக்கை ஒளிக்காமல் வெளியிட்டது. 2021 ஜூலை மாதத்தில் 28 நாட்களில் உள்நாட்டில் 1,096 பேருக்குத் தொற்று கண்டது. அவர்களில் 484 பேர், அதாவது 44 விழுக்காட்டினர், முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்கள். உலகப் பத்திரிகைகள் இதைப் பெரிதாக எழுதின. ஆனால் அதே கணக்கில் இன்னொரு வரியும் இருந்தது. பிராணவாயு தேவைப்பட்ட 7 பேர், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஒருவர், ஆக 8 பேரில் ஒருவர்கூட முழுமையாக ஊசி போட்டவர் அல்லர்.

பின்னர் டெல்டா அலை பெருகியபோது, ஊசி போட்டவர்களிலும் சிலர் இறக்கத்தான் செய்தார்கள். 2021-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் கோவிட்டால் இறந்தவர்கள் 802 பேர். அவர்களில் 247 பேர் முழுமையாக ஊசி போட்டவர்கள். 555 பேர் அப்படிப் போடாதவர்கள். அம்மரணங்களில் மிகப் பெரும்பாலானவை ஆண்டின் கடைசி நான்கு மாதங்களில் நேர்ந்தவை. அந்த நான்கு மாதம் தொடங்கும் முன்பே, ஆகஸ்ட் 29-ஆம் நாளுக்குள், மக்கள்தொகையில் 80 விழுக்காட்டினர் ஊசி போட்டு முடித்திருந்தார்கள். 80 பேரிலிருந்து 247 என்றும், 20 பேரிலிருந்து 555 என்றும் தோராயமாக வகுத்துப் பாருங்கள். போடாதவர்களின் பங்கு ஏறத்தாழ ஒன்பது மடங்கு வருகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். 2021 பிப்ரவரி 24-ஆம் நாள் இங்கே தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. ஆனால் டெல்டா அதைவிட வேகமாக வந்தது. அவ்வாண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கு மருத்துவமனைகளில் படுக்கை கிடைக்காமல் மக்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். ஆகஸ்ட் 26-இல் ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஆயிரம் பேருக்கு மேல் கிடந்தார்கள். செப்டம்பரில் சுகாதார அமைச்சு 'ரிகோவாம்' என்னும் ஆய்வின் முடிவை வெளியிட்டது. முழுமையாக ஊசி போட்டவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேரும் அபாயம் 83 விழுக்காடும், இறக்கும் அபாயம் 88 விழுக்காடும் குறைந்திருந்தன. 83 என்பது 100 அல்ல. மீதமுள்ள 17-இல்தான் நம் உறவினர் சிலர் அகப்பட்டார்கள்.

2022 மார்ச் 5-இல் ஓமிக்ரோன் அலையில் ஒரே நாளில் 33,406 பேருக்குத் தொற்று கண்டது. டெல்டாவின் உச்சத்தைவிட அதிகம். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள் அன்றைய எண்ணிக்கையில் பாதிக்கும் குறைவு. "ஓமிக்ரோன் சாதுவான கிருமி, அதனால்தான்" என்பார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதே நேரத்தில் ஹாங்காங்கைப் பாருங்கள். அங்கே முதியவர்கள் பலர் ஊசி போடத் தயங்கினார்கள். அவர்களைப் போடச் சொல்லிக் குடும்பத்தாரும் வற்புறுத்தவில்லை. 2022 ஜனவரி 6 முதல் மார்ச் 21 வரை அங்கே 5,906 பேர் இறந்தார்கள். அவர்களில் 96 விழுக்காட்டினர் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள். அப்படி இறந்த முதியவர்களில் 70 விழுக்காட்டினர் ஓர் ஊசிகூடப் போடாதவர்கள். அதே ஓமிக்ரோன்தான். அது அங்கே சாதுவாக இருக்கவில்லை.

வாசலுக்கு முன்னும் வாசலுக்குப் பின்னும்

இப்போது மிக முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ஊசி போட்டும் நோய் முற்றி மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு, அங்கே ஊசி உதவியதா?

அமெரிக்காவில் 18 மாநிலங்களில் 21 மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடந்தது. 2021 மார்ச் முதல் ஜூலை வரை கோவிட்டால் அனுமதிக்கப்பட்ட 1,197 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஊசி போட்டவர்கள் 142 பேர். அவர்களில் 17 பேர், அதாவது 12 விழுக்காட்டினர், 28 நாட்களுக்குள் சுவாசக் கருவிக்குப் போனார்கள் அல்லது இறந்தார்கள். போடாதவர்கள் 1,055 பேர். அவர்களில் 261 பேர், அதாவது ஏறத்தாழ 25 விழுக்காட்டினருக்கு அந்த நிலை ஏற்பட்டது. ஆக, மருத்துவமனைக் கட்டிலில் படுத்த பிறகும் ஊசி உள்ளிருந்து போராடிக் கொண்டிருந்தது.

ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலையே தாண்டிவிட்டவர்களைப் பற்றி இத்தாலியின் லொம்பார்டி மாநில ஆய்வு வேறொன்று சொல்கிறது. 2021 ஆகஸ்ட் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 553 பேரில் 139 பேர் ஊசி போட்டவர்கள். அதாவது நான்கில் ஒருவர். அம்மாநில மக்களிலோ, நான்கில் மூன்று பேருக்கு மேல் ஊசி போட்டிருந்தார்கள். வாசல்வரை வராமல் காத்ததில் ஊசியின் பங்கு இதிலேயே தெரிகிறது. ஆனால் உள்ளே போன பிறகு, வயதையும் மற்ற நோய்களையும் கணக்கில் கொண்டு பார்த்தபோது, பிழைப்பதிலும் இறப்பதிலும் இரு சாராருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

அன்பர்களே, இது ஊசிக்கு எதிரான சாட்சி போலத் தோன்றலாம். நின்று யோசித்தால் அப்படியல்ல. ஊசியின் வேலை பெரும்பாலும் அந்த வாசலுக்கு வெளியே நடக்கிறது. நினைவுப் படை கிருமியை முதல் வாரத்திலேயே மடக்கினால், அந்த மனிதர் உள்ளே போவதே இல்லை. மடக்க முடியாமல் போனவரே உள்ளே போகிறார். அங்கே போன பிறகு போர் கிருமியோடு அல்ல. அழற்சியோடும், தளர்ந்த உறுப்புகளோடும் நடக்கிறது. அந்தப் போரில் ஊசிக்குப் பெரிய ஆயுதம் இல்லை.

அந்த வாசலைத் தாண்டியவர்கள் யார்?

லொம்பார்டியில் ஊசி போட்டும் உள்ளே போனவர்கள், போடாதவர்களைவிட வயதில் மூத்தவர்கள். ஏற்கெனவே பல நோய்கள் உள்ளவர்கள். மற்ற இடங்களிலும் இதே நிலைதான். சிறுநீரக இரத்தச் சுத்திகரிப்பு செய்து வருபவர்கள், மாற்று உறுப்பு பொருத்திக் கொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் ஆகியோரின் உடல், ஊசி சொல்லிக் கொடுக்கும் பாடத்தை முழுமையாகக் கற்றுக்கொள்ள முடிவதில்லை. பாடத்தில் குறையில்லை, கற்பவரிடமும் குற்றமில்லை. உடலின் வலிமை அவ்வளவுதான்.

இதை நம் சமுதாயம் கவனிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். நீரிழிவும் அதனால் வரும் சிறுநீரகக் கோளாறும் உள்ள வீடு நம்மில் எத்தனை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீடுகளுக்கு அணையும் உயரமாக வேண்டும். அதாவது, ஒரு முறை ஊசி போட்டோம், முடிந்தது என்று இருந்துவிடாமல், மறுபடியும் தேவையா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும்.

உறவை இழந்த குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். அப்பாவை அழைத்துச் சென்று ஊசி போட வைத்த மகன், "என்னால்தான்" என்று எண்ண வேண்டாம். நீங்கள் அவருக்கு அபாயத்தைக் குறைத்தீர்கள். அடியோடு நீக்க மனிதரால் முடியாது. ஊசி போடாமல் இறந்தவரின் குடும்பத்தை நோக்கி, "போட்டிருந்தால் பிழைத்திருப்பார்" என்று சொல்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முறை வருமுன்பே நோய் வந்தவர் உண்டு; வதந்தியால் அஞ்சியவர் உண்டு; அழைத்துப் போக ஆளில்லாதவரும் உண்டு. இறந்தவர்மீது தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. இருப்பவரைக் காப்பதே நம் வேலை.

மறைக்கக் கூடாத மறுபக்கம்

ஊசிக்குப் பக்க விளைவே இல்லை என்று சொன்னால் அது பொய். பலருக்கு ஓரிரு நாள் காய்ச்சல், கைவலி வந்தது. மிக அரிதாக, சிலவகை ஊசிகளால் இளம் ஆண்களுக்கு இருதயத் தசை அழற்சியும், வேறுவகை ஊசியால் இரத்த உறைவும் ஏற்பட்டன. இவற்றை மருத்துவ உலகம் கண்டறிந்து, எழுதி வைத்து, யாருக்கு எந்த ஊசி என்பதை அதற்கேற்ப மாற்றியது. ஆகவே இளைஞர் ஒருவருக்கும் எழுபது வயது நீரிழிவு நோயாளிக்கும் ஒரே விடை கிடையாது. முதியவருக்கு நோயின் அபாயம் ஊசியின் அபாயத்தைவிடப் பன்மடங்கு பெரிது. கைப்பேசியில் வரும் செய்தியைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். உங்கள் உடலை அறிந்த மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அம்மன் சந்நிதியில் கற்ற பாடம்

"ஆலயத்தில் ஊசிப் பேச்சு எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். நம் முன்னோர் மாரியம்மனை எதற்காகக் கைகூப்பினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ரப்பர்த் தோட்டங்களிலும் லயன் வீடுகளிலும் அம்மை கண்டபோது வேப்பிலை கட்டி, கூழ் ஊற்றி, தாயே காப்பாற்று என்று வேண்டினார்கள். அதே மக்கள், டிரசர் ஐயா வந்தபோது கையை நீட்டி அம்மை குத்திக் கொண்டார்கள். அந்தத் தழும்பு இங்கே அமர்ந்திருக்கும் மூத்தோர் பலரின் கையில் இன்றும் இருக்கும். அம்மனை நம்பியதற்கும் அம்மை குத்திக் கொண்டதற்கும் இடையே அவர்கள் முரண்பாடு காணவில்லை. 1980 மே 8-ஆம் நாள், பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார மன்றம் அறிவித்தது. இன்று அம்மன் திருவிழாவில் கூழ் ஊற்றுகிறோம்; ஆனால் பெரியம்மையால் கண்ணிழந்த குழந்தை நம்மிடையே இல்லை. தாயின் அருள் மனிதரின் அறிவு வழியாகவும் வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

திருமூலர் உடம்பை இறைவன் குடிகொண்ட இடமாகக் கண்டவர். கோபுரத்துக்கு வர்ணம் பூசவும் குடமுழுக்கு நடத்தவும் அள்ளிக் கொடுக்கும் நாம், அந்த உடம்பாகிய ஆலயத்தையும் பராமரிக்க வேண்டாமா?

நாம் செய்யக் கூடியது

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் நாள் கோவிட் உலக அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. அவசரநிலைதான் முடிந்தது, கிருமி போய்விடவில்லை. முதியவர்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகும் சளிக்காய்ச்சல் கிருமியும், நிமோனியாக் கிருமியும் நம்மோடு இருக்கின்றன. அவற்றுக்கும் தடுப்பூசி உண்டு. அங்கும் இதே பாடந்தான்.

ஆகவே நிர்வாகக் குழுவின் சார்பில் நான்கு வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, வாகன வசதியில்லாத முதியவர்களை அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்கு அழைத்துச் சென்று வரும் செலவை நலநிதி ஏற்க இசைவு தாருங்கள். ஊசி போடுவதும் வேண்டாம் என்பதும் அவர்கள் விருப்பம்; மருத்துவரைப் பார்த்துக் கேட்கும் வாய்ப்பை மட்டும் நாம் ஏற்படுத்திக் கொடுப்போம்.

இரண்டாவது, வெள்ளிக்கிழமை பூசைக்குப் பின் மண்டபத்தில் நீரிழிவு, இரத்த அழுத்தம் பார்க்க ஏற்பாடு செய்வோம். நம் பக்தர்களில் மருத்துவர்களும் தாதியரும் இருக்கிறார்கள். அவர்கள் மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும். நோய்களை அடக்கி வைத்திருப்பதும் ஒரு தடுப்பூசிதான்.

மூன்றாவது, இளைஞர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர் எந்த ஊசி எப்போது போட்டார், என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவசரத்தில் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

நான்காவது, முதியவருக்கு மூச்சு வாங்கினால், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள். ஊசி போட்டவராயினும் சரி, போடாதவராயினும் சரி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். ஐந்தாம் நிலையைவிட மூன்றாம் நிலையில் காப்பாற்றுவது எளிது.

அன்பர்களே, அன்னதானத்துக்கு நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் பலனைக் கண்ணால் காண்கிறீர்கள். பசித்தவர் உண்டு எழுந்து போகிறார். வருமுன் காக்கும் தர்மத்துக்கு அப்படிக் கண்ணால் காணும் பலன் இல்லை. எந்தக் கிழவி மருத்துவமனைக்குப் போகாமல் தப்பினார் என்று யாரும் வந்து உங்களுக்கு நன்றி சொல்ல மாட்டார். அவருக்கே அது தெரியாது. ஆனால் அடுத்த தைப்பூசத்துக்கும் அவர் பால்குடத்தோடு வரிசையில் நிற்பார். அந்தக் கூட்டத்தில் ஒருவராக அவரை நீங்கள் பார்ப்பீர்கள். பலனை எதிர்பாராமல் கொடுப்பதே தானம் என்று நம் சமயம் சொல்கிறது. அந்த வகையில் இது உயர்ந்த தானமென்றே நான் கருதுகிறேன்.

 கோவிட் காலத்தில் நம்மைவிட்டுப் பிரிந்த அத்தனை ஆன்மாக்களும் இறைவன் திருவடி நிழலில் அமைதி பெறவும், இருப்போர் அனைவரும் நோயற்ற வாழ்வு பெறவும் எல்லாம் வல்ல அம்பாளை வேண்டி விடைபெறுகிறேன்.